நான்கு உள்ளங்கை ரப்பர்: ஸ்போர்ட்ஸ் காரின் சக்கர வரலாறு



கார் என்றதும் நம்மில் பலர் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை குதிரைத்திறன், எத்தனை சிலிண்டர், எத்தனை கி.மீ. வேகம் என்று கேள்விகள் வரிசையாக வரும். "டயர் என்ன சைஸ்?" என்று கேட்பவர் ரொம்பக் குறைவு. ஆனால் எஞ்சின் போடும் அத்தனை ஆட்டமும் கடைசியில் தரையைத் தொடுவது டயர் வழியாகத்தான். பிரேக்கும் அப்படியே, ஸ்டியரிங்கும் அப்படியே.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். (காமர்ஸ்காரனிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்? :-)) காரின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காரின் எடை 1,000 கிலோ, டயரில் 34 பவுண்டு காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 பவுண்டு என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.4 கிலோ. 1,000-ஐ 2.4-ஆல் வகுத்தால் சுமார் 417 சதுர செ.மீ. வரும். நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் மொத்தப் பரப்பு தோராயமாக இவ்வளவுதான். நாம் அசைன்மெண்ட் எழுதும் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செ.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு பரப்புதான் 200 கி.மீ. வேகத்தில் ஒரு காரைச் சாலையோடு பிடித்து வைத்திருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு.

அந்த உள்ளங்கையை எப்படி வைப்பது, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு அகலம் கொடுப்பது, முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றும் போடலாமா என்பதெல்லாம் நூறு வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகள். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

சக்கரத்தைக் கழற்றவே முடியாத காலம்

காற்றடைத்த டயருக்கு முதலில் பேடண்ட் வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வருடம் 1845. அப்போது கார் இல்லை, சைக்கிளும் இன்றைய வடிவத்தில் இல்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி கல் சாலையில் குலுங்காமல் போக வேண்டும் என்று மறுபடியும் அதையே செய்து பேடண்ட் வாங்கினார். பிற்பாடு தாம்சனின் பழைய பேடண்டைக் காட்டி டன்லப்பின் பேடண்ட் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கம்பெனியின் பெயர் நிலைத்துவிட்டது.

காருக்கு இந்த டயரைக் கொண்டு வந்தவர்கள் பிரான்ஸின் மிச்செலின் சகோதரர்கள், ஆந்த்ரேவும் எதுவாரும். 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில், எந்தக் கார்க்காரரும் காற்று டயரை நம்பாததால், அவர்களே ஒரு காரில் அதை மாட்டி ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். வெற்றியும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த டயரில் கார் ஓடும் என்பதை ஊர் பார்த்துவிட்டது.

பஞ்சர் ஆனால் என்ன செய்வார்கள் தெரியுமா? சக்கரம் அச்சோடு நிரந்தரமாக இருக்கும். நடுரோட்டில் உட்கார்ந்து, பழைய டயரைக் கத்தியால் கிழித்து எடுத்து, புதியதை ரிம்மில் ஏற்றி, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். பந்தயத்தில் கைதேர்ந்தவர்களுக்கே ஒரு டயருக்குச் சுமார் 15 நிமிடம் ஆகும்.

இதற்கு விடிவு 1906-ல் வந்தது. லே மான் நகருக்கு அருகே ஜூன் 26, 27 தேதிகளில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு மிச்செலின் ஒரு புதுச் சரக்கைக் கொண்டு வந்தது: டயரை முன்கூட்டியே மாட்டி, காற்றும் அடித்துத் தயாராக வைத்த ரிம். நட்டுகளைக் கழற்றி, பழைய ரிம்மை எடுத்து, புதியதைப் பொருத்த வேண்டியதுதான். நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். பந்தய விதிப்படி காரில் இருக்கும் ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக்கும் மட்டுமே டயரைத் தொடலாம். எனவே ஒவ்வொரு நிமிடமும் தங்கம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 9 கிலோ கூடுதல் எடை. காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே விளிம்பில் நின்ற சில அணிகளால் இந்த ரிம்மைப் போடவே முடியவில்லை. ரெனோ அணி போட்டது. அதன் ஓட்டுநர் ஃபெரென்ஸ் சிஸ், சுமார் 1,238 கி.மீ. தூரத்தை இரண்டு நாட்களில் 12 மணி 14 நிமிடத்தில் முடித்து, இரண்டாவது ஆளை அரை மணி நேரத்துக்கு மேல் பின்தள்ளி ஜெயித்தார். அவர் ஓட்டியது நல்ல கார்தான். ஆனால் கொளுத்தும் வெயிலில் டயர்கள் வெடித்துக்கொண்டே இருந்த அந்தப் பந்தயத்தில் ஆளைக் காப்பாற்றியது அந்த ரிம்.

இங்கே ஒரு கொசுறுத் தகவல். நம் ஊரில் உபரிச் சக்கரத்தை "ஸ்டெப்னி" என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கே டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பிடித்து மாட்டிக்கொள்ளும்படி ஓர் உபரி வளையம் செய்து விற்றார்கள். பெயர் ஸ்டெப்னி ஸ்பேர் வீல். அந்தப் பொருள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியா, வங்கதேசம், மால்ட்டா போன்ற இடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தெருக்காரர்களுக்கே இது தெரியுமோ என்னவோ!

ஒரே நட்டு, ஒரே அடி

ரிம்மைக் கழற்றுவதற்குப் பதிலாக முழுச் சக்கரத்தையும் கழற்றினால் என்ன? இங்கிலாந்தின் ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனியில் ஜான் பியூ இதைச் செய்து காட்டினார். கம்பி ஆரங்கள் கொண்ட லேசான சக்கரம், நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. நட்டில் இரண்டு காதுகள் இருக்கும். சுத்தியலால் காதில் ஓங்கி அடித்தால் நட்டு கழலும், மறுபக்கம் அடித்தால் இறுகும். காரின் இடது பக்கத்துக்கு ஒரு மரை, வலது பக்கத்துக்கு எதிர் மரை. கார் ஓட ஓட நட்டு தானாக இறுகும்படியான ஏற்பாடு. மாற்றிப் போட்டால் ஓட ஓடக் கழன்றுவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது அவ்வளவு பெரிய அனுகூலம் என்பதால் 1908 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இதற்குத் தடையே விதித்தார்கள். ரிம்மைக் கழற்றலாம், சக்கரத்தைக் கழற்றக் கூடாது! ஆனால் நல்ல யோசனையை ரொம்ப நாள் பூட்டி வைக்க முடியாதே. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கம்பிச் சக்கரமும் காது வைத்த நட்டும்தான் என்றாகிவிட்டது. 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப் வரை இந்த அழகு தொடர்ந்தது.

அதற்கு முடிவு கட்டியது அமெரிக்க அரசு. சக்கரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு சுழலும் காதுகள் பாதசாரிகளையும் சைக்கிள்காரர்களையும் கிழித்துவிடும் என்று 1968 ஜனவரி 1 முதல் அவற்றுக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் விற்க வேண்டும் என்பதால் பிரிட்டிஷ் கம்பெனிகள் காதில்லாத நட்டுக்கு மாறின. 1996-ல் அந்த விதியை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் கம்பிச் சக்கரத்தின் காலமே முடிந்திருந்தது.

எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம்

1924-ல் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீயில் எத்தோரே புகாட்டி தன்னுடைய டைப் 35 காரை இறக்கினார். அதன் சக்கரங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தன. எட்டு தட்டையான ஆரங்களோடு, அலுமினியத்தில் வார்த்த சக்கரம். பிரேக் டிரம்மும் அதனோடு சேர்ந்தே இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக்கும் கூடவே வந்துவிடும், மெக்கானிக் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் பந்தயத்தில் புகாட்டியைக் கவிழ்த்தது டயர்தான். சக்கரம் நன்றாகவே இருந்தது, டயரின் மேல்பகுதி உரிந்து போனது.

அலுமினியம் எதற்கு? காரின் எடையை இரண்டாகப் பிரிக்கலாம். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடை ஒன்று: பாடி, எஞ்சின், நாம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை இன்னொன்று: சக்கரம், டயர், பிரேக். ஒரு மேட்டில் ஏறும்போது கீழே இருக்கும் எடை துள்ளும். அது கனமாக இருந்தால் துள்ளிய சக்கரம் தரைக்குத் திரும்ப நேரமாகும். தரையைத் தொடாத டயர் திருப்பவும் திருப்பாது, நிறுத்தவும் நிறுத்தாது. அதனால்தான் சக்கரத்தில் ஒரு கிலோ குறைப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். இன்று நாம் அழகுக்காக என்று நினைக்கும் அலாய் வீலின் உண்மையான பிறப்புக் காரணம் இதுதான்.

ரேடியல் வந்தது, குழப்பமும் வந்தது

பழைய டயர்களின் உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னியது போல இருக்கும். இதற்குக் கிராஸ்ப்ளை என்று பெயர். பக்கச்சுவர் வளைந்தால் அடிப்பகுதியும் கூடவே முறுக்கிக்கொள்ளும். 1946-ல் மிச்செலின் பேடண்ட் எடுத்த ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். அதைச் சுற்றி எஃகுக் கம்பியில் ஒரு பட்டை. இதற்குக் காரணமானவர் மாரியஸ் மினோல். பக்கச்சுவர் தனியாக வளையும், அடிப்பகுதி தரையில் படிந்தே இருக்கும். பிடிப்பும் அதிகம், ஆயுளும் அதிகம்.

இங்கே நம் பாடத்துக்கும் ஒரு விஷயம் உண்டு. சித்ரோவன் கார் கம்பெனி 1934-ல் திவாலானபோது அதற்கு அதிகக் கடன் கொடுத்திருந்தது மிச்செலின். கடன்காரனே முதலாளி ஆனான். எனவே புது டயரை மாட்டிப் பார்க்க மிச்செலினுக்குச் சொந்தமாகவே ஒரு கார் கம்பெனி கையில் இருந்தது. 1949-ல் 'எக்ஸ்' என்ற பெயரில் ரேடியல் விற்பனைக்கு வந்தது.

குழப்பம் எங்கே வந்தது? காசு குறைவாக இருந்தவர்கள் இரண்டு ரேடியல் மட்டும் வாங்கி முன்னால் போட்டார்கள். பின்னால் பழைய கிராஸ்ப்ளை. வளைவில் முன் சக்கரங்கள் கெட்டியாகப் பிடிக்கும், பின் சக்கரங்கள் வழுக்கும், கார் பம்பரமாகச் சுற்றிவிடும். பிரிட்டனில் இப்படி முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்ப்ளையும் போடுவது சட்டப்படி குற்றம். வேறு வேறு டயர் போடுவதில் எது எங்கே என்பதுதான் எல்லாமே.

15 பவுண்டு முன்னால், 26 பவுண்டு பின்னால்

டயரே மாறாமல் காற்று மட்டும் மாறினாலும் காரின் குணம் மாறும். இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் அமெரிக்காவின் செவர்லே கோர்வேர். 1960 மாடலாக வந்த இந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். பின்பக்கம் கனம் அதிகம், பின் சக்கரங்களின் அமைப்பும் வளைவில் கொஞ்சம் தகராறு செய்யக்கூடியது. அதைச் சமாளிக்கக் கம்பெனி சொன்ன வழி: முன் டயரில் 15 பவுண்டு காற்று, பின் டயரில் 26 பவுண்டு. முன் டயர் வேண்டுமென்றே தொளதொளவென்று இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், பின்பக்கம் தப்பிக்கும்.

தாளில் சரியான தீர்வு. ஆனால் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் ஆளுக்கு இது தெரியுமா? எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் ஒரே அளவு அடித்துப் பழகியவர்கள் இதற்கும் அப்படியே அடித்தார்கள். வளைவில் வால் வீசி வண்டிகள் கவிழ்ந்தன, வழக்குகள் குவிந்தன. ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புகழ் பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் கார்தான். 1972-ல் வந்த அரசு ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று சொன்னது. ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பே, 1969-ல், கார் நின்று போயிருந்தது. ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வாங்குபவரின் நினைவாற்றலை நம்பி நிற்குமானால் அது ஏற்பாடே அல்ல என்பதுதான் நான் இதில் பார்க்கும் பாடம்.

போர்ஷே 911: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

இப்போது கதாநாயகன் வருகிறார். கோர்வேர் போலவே எஞ்சினைப் பின்னால் வைத்த இன்னொரு கார் போர்ஷே 911. 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாயும், பின் டயர்கள் பிடியை விடும், கனமான வால் ஊஞ்சல் போல வெளியே வீசும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுவது மாதிரி.

ஆரம்பத்தில் நான்கு சக்கரங்களும் ஒன்றுதான்: 15 அங்குல விட்டம், 4.5 அங்குல அகலம், 165 மி.மீ. டயர். வாலை அடக்க போர்ஷே முதலில் செய்தது கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும். முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் தலா சுமார் 11 கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்தார்கள்! சந்தையில் தராசுத் தட்டைச் சரிக்கட்ட ஒரு கல்லைப் போடுவார்களே, அதே கதை. 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னால் தள்ளினார்கள். ஒரு பேட்டரிக்குப் பதிலாக இரண்டு சின்ன பேட்டரிகளை முன் மூலைகளில் வைத்தார்கள். இரும்புக் கட்டி வேலை செய்யாமல் எடையாக மட்டும் இருந்தது, பேட்டரி வேலையும் செய்தது.

இதற்கிடையே 1966-ல் வந்த 911 எஸ் மாடலில் புகழ் பெற்ற ஃபூக்ஸ் சக்கரம் வந்தது. வார்ப்பு அல்ல, சூடான அலுமினியத்தை அழுத்தி அடித்துச் செய்தது. ஐந்து இதழ்ப் பூ போன்ற வடிவம், வரைந்தவர் ஹைன்ரிச் கிளீ. பலமாகவும் லேசாகவும் இருந்ததால் வருடா வருடம் அகலத்தைக் கூட்ட முடிந்தது. 4.5 அங்குலம் 5.5 ஆனது, பிறகு 6.

1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த கரேரா ஆர்.எஸ். 2.7-தான் திருப்புமுனை. பந்தயத்தில் கலந்துகொள்ளத் தகுதி பெற 500 கார் செய்தால் போதும் என்று ஆரம்பித்து, கேட்டு வந்தவர்கள் அதிகமாகி 1,580 கார்கள் செய்தார்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவுச் சக்கரங்களோடு வந்த முதல் போர்ஷே சாலைக் கார் இதுவே. முன்னால் 6 அங்குல ரிம், 185/70 டயர். பின்னால் 7 அங்குல ரிம், 215/60 டயர்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? 185 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 70 என்பது சதவீதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம். இப்போது கணக்கு போடுங்கள். 15 அங்குலம் என்றால் 381 மி.மீ.

முன் டயர்: 185-ல் 70% = 129.5. மேலும் கீழும் சேர்த்து 259. ரிம்மோடு 640 மி.மீ.
பின் டயர்: 215-ல் 60% = 129. இரண்டு பக்கமும் 258. ரிம்மோடு 639 மி.மீ.

பார்த்தீர்களா? அகலம் 30 மி.மீ. கூடியும் மொத்த உயரம் மாறவில்லை. அகலம் கூடும்போது சதவீதத்தைக் குறைத்தார்கள். கியர் கணக்கும் மாறவில்லை, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லவில்லை. இன்று உலகமெங்கும் டயர் கடைகளில் சைஸ் மாற்றும்போது பின்பற்றும் விதி இதேதான். 195/65-15, 205/55-16, 225/45-17 மூன்றையும் போட்டுப் பாருங்கள். எல்லாமே 632-லிருந்து 635 மி.மீ.க்குள் வரும்.

அகல டயர் போட்டால் தரையைத் தொடும் பரப்பு கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். எடையும் காற்றழுத்தமும் அதேதான் என்றால் பரப்பும் ஏறத்தாழ அதேதான். வடிவம்தான் மாறுகிறது. ஒடுங்கிய டயரில் நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் இருக்கும். குறுக்குவாக்கில் இருந்தால் வளைவில் பக்கவாட்டு விசையை நன்றாகத் தாங்கும், சூடும் அதிக ரப்பரில் பரவும். மழையில் மட்டும் நிலைமை தலைகீழ். அகல டயர் தண்ணீரை ஒதுக்கச் சிரமப்பட்டு அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும்.

இதில் செலவுக் கணக்கும் உண்டு. முன்னும் பின்னும் வேறு அளவு என்றால் டயர்களை முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்ட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும், அதுதான் விலையும் அதிகம். ஸ்டெப்னி எந்த அளவில் வைப்பது என்பது அடுத்த தலைவலி. போர்ஷே பிற்பாடு மடங்கிய நிலையில் இருக்கும் ஒரு உபரிச் சக்கரத்தையும் அதற்குக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸரையும் கொடுத்தது.

அகலத்தின் எல்லை

1970-களின் நடுவில் பைரெல்லியின் பி7 வந்தது. பந்தய லான்சியா ஸ்ட்ராட்டோஸ் காருக்காக உருவான டயர். பக்கச்சுவர் மிகக் குட்டை, வெறும் 50 சதவீதம். குட்டையான சுவர் வளையாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பும். போர்ஷே 911 டர்போ இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 15 அங்குல ரிம்மில் 225/50 போட்டால் மொத்த உயரம் 606 மி.மீ.தான் வரும். பழைய 639-ஐவிட 5 சதவீதம் குறைவு. அதே வேகத்துக்கு எஞ்சின் 5 சதவீதம் அதிகம் சுற்ற வேண்டும். பிறகு ரிம்மை 16 அங்குலமாக்கி, முன்னால் 205/55, பின்னால் 225/50 போட்டார்கள். இரண்டும் சுமார் 632. கணக்கு நேரானது.

இத்தாலியில் இதே டயரை வைத்து அதிரடி ஆட்டம் ஆடினார்கள். 1974-ல் வந்த லம்போர்கினி கவுன்டாச் காரின் பின் டயர் அகலம் 215 மி.மீ. வால்டர் வுல்ஃப் என்ற தொழிலதிபர் 1975-ல் தனக்கென்று பி7 டயர் போட்டு ஒரு கவுன்டாச் செய்யச் சொன்னார். அதைப் பார்த்து 1978-ல் கம்பெனியே எல்.பி.400 எஸ் மாடலை வெளியிட்டது. பின் டயர் அகலம் 345 மி.மீ.! ஓர் அடிக்கும் மேல். டயர் பாடிக்கு வெளியே நீட்டியதால் மேலே குடை போல மூடிகள் ஒட்ட வேண்டியிருந்தது. சஸ்பென்ஷனையே டயருக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். வளைவில் கார் பிரமாதமாக நின்றது. நேர்ச்சாலையில் பழைய காரைவிட மெதுவாகிவிட்டது, அகல டயர் காற்றைத் தள்ளவே சக்தி செலவானது. அக்காலத்தில் எத்தனையோ பையன்களின் அறைச்சுவரில் தொங்கிய அந்தக் கார், முந்தைய மாடலைவிட மெதுவானது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆறே கார்கள் ஓடிய பந்தயம்

டயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சாட்சி. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸில் அமெரிக்க கிராண்ட் பிரீ. ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, ஃபார்முலா ஒன். அந்த வருடம் இரண்டு கம்பெனிகள் டயர் கொடுத்தன: மிச்செலின், பிரிட்ஜ்ஸ்டோன். சாய்வான 13-வது வளைவின் விசையை மிச்செலின் டயர்களின் பக்கச்சுவர் தாங்கவில்லை. பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. வேகத்தைக் குறைக்க அங்கே கூடுதல் வளைவு போடும் யோசனையை நிர்வாகம் மறுத்தது. பந்தய நாளில் 20 கார்களும் வரிசைக்கு வந்தன. மிச்செலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டன. மிச்சம் ஆறு கார்கள்.

மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தார். ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. "ஆறு பேர்தானே ஓடினார்கள்" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. காரைச் சாலையில் பிடித்து வைக்கும் டயரும் காரின் ஒரு பாகம்தான். அந்த நாளில் ஓடத் தகுதியான கார் அவரிடம் இருந்தது, மற்ற 14 பேரிடம் இல்லை.

தேய்மானம் இரண்டு வகை

கடைசியாக ஒரு துயரச் செய்தி. 2013 நவம்பர் 30. கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் தன் நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜி.டி. காரில் போனார். 600 குதிரைத்திறனுக்கு மேல். 72 கி.மீ. வேகமே அனுமதித்த சாலையில் அந்தக் கார் மணிக்குச் சுமார் 130 முதல் 150 கி.மீ. வேகத்தில் போய் மோதி எரிந்தது. இருவரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் வேகம் என்று விசாரணை முடிவு செய்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: காரின் டயர்கள் ஒன்பது வருடம் பழையவை, அது காரின் பிடிப்பைப் பாதித்திருக்கலாம்.

நாம் கணக்கியலில் படிக்கும் "தேய்மானம்" என்ற சொல் டயருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஓட ஓடத் தேய்வது ஒரு வகை. அது கண்ணுக்குத் தெரியும், பள்ளம் ஆழம் குறையும். சும்மா நின்றாலும் வருடத்தோடு குறைவது இன்னொரு வகை. ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும், வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் நிற்பவை, எப்போதாவது ஓடுபவை. அதனால் இரண்டாவது வகைதான் அவற்றுக்கு எமன். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று உரிமையாளர் மாற்ற மாட்டார்.

நல்லவேளையாக டயர் தன் பிறந்த தேதியை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2218 என்றிருந்தால் 2018-ன் 22-வது வாரம் செய்தது. அளவுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து அது தாங்கும் வேகம்: டி என்றால் 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240. போர்ஷே தான் சோதித்து ஏற்றுக்கொண்ட டயர்களில் என்0, என்1 என்று தனிக் குறியே போட வைக்கிறது. ஒரே அளவு, ஒரே பிராண்ட் என்றாலும் அந்தக் குறி இல்லாவிட்டால் அது வேறு டயர்தான்.

ஆக, 1906-ல் சிஸ் மாற்றிய ரிம் முதல் இன்று கடைக் கண்ணாடிக்குள் மின்னும் 20 அங்குல அலாய் வரை, ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறது. நேரம் கொடுத்து எடை ஏற்றியது. வளைவு கொடுத்து வேகம் எடுத்தது. பிடிப்பு கொடுத்து மழையில் கைவிட்டது. நீங்களோ உங்கள் வீட்டிலோ அடுத்த முறை சக்கரமோ டயரோ மாற்றப் போனால், அழகைப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் மொத்த உயரம் மாறுகிறதா, முன்னும் பின்னும் சரியாகப் பொருந்துகிறதா, எந்த வருடத்துச் சரக்கு என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஏ4 தாளில் மூன்றில் இரண்டு பங்கு. நம் மொத்தக் குடும்பமும் அதன் மேல்தான் போகிறது.